பதில் அவள் குரலிலேயே வரட்டும்

பிரிட்டனில் ‘யூனிவர்சிட்டி சேலஞ்ச்’ என்ற வினாடி வினா 1962-இல் தொடங்கியது. நடுவில் ஏழு ஆண்டுகள் நின்றுபோய், 1994-இல் பிபிசியில் மறுபடி உயிர்பெற்று இன்றும் ஓடுகிறது. லத்தீன் கவிதை, துகள் இயற்பியல், ஆப்பிரிக்க ஆறுகள், பீத்தோவன் என்று எதைப் பற்றியும் கேட்பார்கள். நான் யூடியூபில் அதைப் பார்க்கத் தொடங்கியது கேள்விகளுக்காகத்தான். இப்போது என் மாணவிகளை உட்காரவைத்து அதைக் காட்டுவது அதன் ஒரு விதிக்காக.

இரண்டு பல்கலைக்கழக அணிகள், அணிக்கு நான்கு மாணவர்கள். முதலில் பத்து மதிப்பெண் கேள்வி. அதற்குப் பக்கத்தில் இருப்பவரிடம் எதுவும் பேசக் கூடாது. பதில் தெரிந்தவர் தன் முன்னால் இருக்கும் பஸ்ஸரை அழுத்த வேண்டும். கேள்வி பாதியில் இருக்கும்போதும் அழுத்தலாம். அழுத்திய நொடியில் கல்லூரியின் பெயரையும் அவர் பெயரையும் அறிவிப்பாளர் உரக்கச் சொல்வார். பிறகு அவர்தான் பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் உடனே. சரியாக இருந்தால் அணிக்கு ஒரே பொருளில் மேலும் மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். இவற்றுக்கு நால்வரும் கூடிப் பேசிக்கொள்ளலாம். தலைவர் பதில் சொல்வார், அல்லது இன்னார் சொல்லட்டும் என்று உறுப்பினர் ஒருவரின் பெயரைச் சொல்லி விட்டுக்கொடுப்பார்.

நம்மூர்க் கல்லூரிப் போட்டிகளில் பெரும்பாலும் முதல் கேள்வியிலிருந்தே கூடிப் பேசுவதுதான் வழக்கம். நால்வர் தலைகளும் ஒட்டிக்கொள்ளும், கிசுகிசுப்பு நடக்கும், தலைவர் நிமிர்ந்து பதில் சொல்வார். தாவரவியல் ஆசிரியையாக, நெல்லைப் பக்கத்து இருபாலர் கல்லூரி ஒன்றின் அணிகளைப் பல ஊர்களுக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன். தலைவர் பெரும்பாலும் பையனாகத்தான் இருப்பான்.

ஒரு போட்டியில் வந்த கேள்வி இது: சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து, சாகுபடிப் பயிர்களின் குரோமோசோம் அட்லஸை 1945-இல் வெளியிட்டவர், இங்கிலாந்தில் மக்னோலியா வகை ஒன்று இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தவர், தலச்சேரியில் பிறந்தவர், யார்? குரோமோசோம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் எங்கள் அணியின் ஓரத்தில் இருந்த மாணவியின் முகம் மலர்ந்தது. எங்கள் துறை நடைவழியில் ஜானகி அம்மாளின் படம் தொங்குகிறது, அவள் தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போவாள். அவள் பக்கத்துப் பையனின் காதில் சொன்னாள். அவன் தலைவனிடம் சொன்னான். “நிச்சயமா?” என்று தலைவன் திரும்பிக் கேட்டான். அவள் சற்றுத் தயங்கினாள். தலச்சேரி வந்தபோது எதிரணி கை தூக்கிவிட்டது.

வெளியே வந்தபிறகு, “உனக்குத் தெரியுமே, நீயே கையைத் தூக்கியிருக்கலாமே” என்றேன். “அவன்கிட்ட சொல்லிட்டேன்லா மேடம்” என்றாள். தன் வேலை அதோடு முடிந்தது என்று அவள் உண்மையிலேயே நம்பினாள். அப்படி நம்பும்படி அவளை உட்காரவைத்தது போட்டியின் அமைப்பு.

பெண் பிள்ளைகளுக்குத் துணிச்சல் போதாது என்று இதற்குக் காரணம் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வினாடி வினாவுக்குத் தேவையான உதிரி அறிவு பாடவேளையில் சேர்வதில்லை. ஆண்கள் விடுதியில் இரவு பதினொரு மணிக்கு நாலு பேர் பழைய கேள்விகளைப் போட்டுச் சண்டை பிடிக்கும்போதுதான் சேர்கிறது. பெண்கள் விடுதி வாயில் அந்தி சாயும்போதே மூடிவிடும். நூலகம் திறந்திருந்தாலும் வார்டனின் கையெழுத்து வேண்டும். வெளியூர்ப் போட்டி என்றால் ஓ.டி. (ஆன் டியூட்டி அனுமதி) வாங்குவதற்கு முன் அப்பாவின் சம்மதம், “திரும்ப எத்தனை மணியாகும்?” என்ற விசாரணை. இத்தனையையும் கடந்து மேடையேறும் பெண்ணின் பதிலையாவது அவள் வாயால் கேட்போம் என்கிறேன்.

அழுத்தியவரே பதில் சொல்ல வேண்டும் என்ற அந்த விதி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனிலேயே அப்படி ஆகவில்லை. 2009 இறுதிப் போட்டியில் ஆக்ஸ்போர்டின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி மான்செஸ்டரை 275-க்கு 190 என்று வென்றது. அணித் தலைவி கெயில் டிரிம்பிள், லத்தீன் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர். அந்தத் தொடர் முழுவதிலும் அணி பெற்ற மதிப்பெண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அவர் ஒருவர் சேர்த்தது. கேள்வி முடிவதற்குள் அழுத்துவார், தெளிவாகச் சொல்வார், சரியாக இருக்கும். அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன? தலைக்கனம் பிடித்தவர் என்றார்கள். சிரிப்பையும் தோற்றத்தையும் அலசினார்கள். ஆண்களுக்கான இதழ் ஒன்று படம் எடுக்க வரச்சொல்லித் தூது அனுப்பியது. அதே வேகத்தில் அழுத்திய ஆண்களை மேதை என்று கொண்டாடிய நாடு அது. கடைசியில் அணியின் இன்னோர் உறுப்பினர் படப்பிடிப்பு முடியுமுன்பே மாணவராக இல்லாமல் போயிருந்தார் என்று தெரியவந்து, கோப்பை மான்செஸ்டருக்குப் போனது. அதில் கெயிலின் பிழை எதுவும் இல்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2017 இறுதிப் போட்டியில் பேலியல் கல்லூரியும் உல்ப்சன் கல்லூரியும் மோதின. எட்டுப் பேரும் ஆண்கள். கேள்வி கேட்டவர்களைப் பார்த்தாலும் அப்படித்தான்: பாம்பர் கேஸ்காயின், ஜெரமி பேக்ஸ்மன், 2023 முதல் கொல்கத்தாவில் பிறந்த அமோல் ராஜன். அறுபது ஆண்டுகளுக்கு மேல் மூன்றே பேர், மூவரும் ஆண்கள். இதைச் சொல்லாமல் அந்த நிகழ்ச்சியைப் புகழ்ந்தால் அது நேர்மையாகாது.

ஆனாலும் அங்கே கேட்டால் சில மாறுகின்றன, எல்லாம் அல்ல. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் கல்லூரிக்கு ஓர் அணி அனுப்பலாம், மற்றப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தலா ஓர் அணிதான் என்ற விதியை எதிர்த்து, 1975-இல் மான்செஸ்டர் மாணவர்கள் கேள்விக்குக் கேள்வி ட்ராட்ஸ்கி, மார்க்ஸ், லெனின், சே குவேரா என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த விதி அசையவே இல்லை. பெண்களைப் பற்றிய கேள்விகள் மிகக் குறைவாக வருகின்றன என்று பார்வையாளர் ஒருவர் எழுதிய கடிதமோ வேலை செய்தது. கேள்வித்தாளைத் திருத்தப் பார்க்கிறோம் என்று 2018-இல் தயாரிப்பாளர்களே சொன்னார்கள். இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஜானகி அம்மாள் கேள்வியாக வந்த நாளில்தான் எங்கள் மாணவிக்கு முகம் மலர்ந்தது. நாம் கேட்கும் கேள்விகளில் கிரிக்கெட்டும் போர்களும் பிரதமர்களும் எத்தனை, பெண்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க ஒரு மாலைப் பொழுது போதும்.

2024-இல் இம்பீரியல் கல்லூரி ஐந்தாம் முறையாகக் கோப்பையை வென்றது. தலைவி சுரய்யா ஹத்தாத். அந்த இறுதிப் போட்டியைத்தான் இப்போது மாணவிகளுக்குக் காட்டுகிறேன்.

இந்தியாவுக்கும் இந்த நிகழ்ச்சி வந்ததுண்டு. 2003-இல் சித்தார்த்த பாசு பிபிசி வேர்ல்டில் நடத்தினார், முழுக்க ஆங்கிலத்தில். தமிழ்த் தொலைக்காட்சி ஏதாவது ஒன்று இரண்டு கல்லூரி அணிகளை வைத்துத் தமிழில் இதை நடத்த முன்வந்தால், தாவரவியல் கேள்விகளை எழுதிக்கொடுக்க நான் தயார். செட்டும் விளக்கும் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், அழுத்தியவரின் பெயரை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்லூரியில் அடுத்த பருவத்துப் போட்டிக்கு விதிமுறைத் தாள் தயாராகிறது. முதல் கேள்விக்கு அழுத்தியவரே பதில் சொல்ல வேண்டும், கூடிப் பேசினால் அந்தக் கேள்வி எதிரணிக்கு. இதில் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். பயிற்சி மாலை நாலரைக்குத் தொடங்கி விடுதி வாயில் மூடுவதற்குள் முடியும். இயற்பியல் துறையினர் எட்டு பஸ்ஸர்களைக் கோத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இழுபறி, அவசரப்பட்டு அழுத்தித் தவறாகச் சொன்னால் ஐந்து மதிப்பெண் கழிப்பதில்தான். “பயந்த பிள்ளைங்க இன்னும் பயந்துரும், மைனஸ் வேண்டாம் மேடம்” என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார். நான் மைனஸ் வேண்டும் என்கிறேன். அவசரப்பட்டு அழுத்தி ஐந்து மதிப்பெண் இழந்த பையனின் தோளில் தட்டி, அடுத்த கேள்விக்கு அவனையே நம்புகிறது அணி. ஒரு பெண்ணும் அப்படி அவசரப்பட்டு, தவறாகச் சொல்லி, ஐந்து மதிப்பெண்ணை இழந்து, அதே நாற்காலியில் அடுத்த கேள்விக்குக் கையை பஸ்ஸர்மேல் வைத்துக் காத்திருக்கப் பழக வேண்டும். அதற்கான இடம் எங்கள் கல்லூரி அரங்கமாக இருக்கட்டும் என்று துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.