எடைமேடை ஆலையில இருக்கணுமா, உங்க வீட்டுலயா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்ட பதிவு. கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்கங்க மக்களே. வலைத்தளம் செய்யுற நண்பர்கள் நிறைய பேர் இங்க வர்றீங்க. உங்களோட சண்டை போடத்தான் இந்தப் பதிவு :-)

முதல்ல கதை. கள்ளக்குறிச்சியில நண்பர் ஒருத்தர் கல்வராயன் மலையிலேர்ந்து சாமை, தேன், கடுக்காய் வாங்கி வெளியூருக்கு அனுப்புறார். அவருக்கு ஓசியில ஒரு தளம் செஞ்சு குடுத்தேன். அதுல ரெண்டு படிவம். ஒண்ணு வாங்குறவங்களுக்கு. இன்னொண்ணு மலையில விளைவிக்கிறவங்களுக்கு: பேரு, ஊரு, போன் நம்பர், என்ன இருக்கு, எத்தனை மூட்டை. அனுப்பினா நண்பருக்கு மெயில் போகும், அவர் கூப்பிட்டு விலை பேசுவார். நடுவுல தரகர் கிடையாது.

மூணாவது வாரம் நண்பர் சந்தோஷமா போன் பண்ணார், "தினம் முந்நூறு மெயில் வருதுப்பா!"ன்னு. போய்ப் பார்த்தா எல்லாம் வயாகரா, சூதாட்டம், வட்டியில்லாக் கடன். ரோபோ நிரல்களோட கைவரிசை. நிஜமா சாமை இருக்குன்னு எழுதின ரெண்டு பேர் அந்தக் குப்பைக்குள்ள புதைஞ்சு கிடந்தாங்க.

நான் என்ன பண்ணேன்? எல்லாரும் பண்ற தப்பைத்தான். ஜாவாஸ்கிரிப்டுல சோதனை போட்டேன். போன் நம்பர் பத்து இலக்கம் இல்லைன்னா சிவப்புல எச்சரிக்கை, லிங்க் இருந்தா அனுப்பு பொத்தானே வேலை செய்யாது. என்னை நானே முதுகுல தட்டிக் கொடுத்துக்கிட்டேன். மறுநாளும் முந்நூறு மெயில். ஒண்ணு கூட குறையல!

ஏன்? அந்த ரோபோக்கள்ல பெரும்பாலானது என் பக்கத்தை உலாவியில திறக்கவே இல்ல. படிவம் எந்த முகவரிக்குப் போகுது, கட்டங்களோட பேரு என்னன்னு ஒரு தடவை பார்த்து வெச்சுக்கிட்டு, நேரா சர்வருக்கு போஸ்ட் பண்ணிடுது. என் ஜாவாஸ்கிரிப்ட் காவலாளி முன்வாசல்ல மீசையை முறுக்கிக்கிட்டு நிக்கிறான், திருடன் கொல்லைப்புறமா வந்துட்டுப் போறான்.

நம்ம ஊருக்காரங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்கு கரும்பு வண்டி போகுது. விவசாயி வயல்லயே எடை போட்டுப் பார்த்துக்கலாம், அவருக்கு நல்லது. ஆனா அவர் சீட்டுல எழுதிட்டு வந்த எடையை ஆலை அப்படியே ஒத்துக்குமா? ஆலைக்குள்ள சொந்தமா எடைமேடை இருக்கு. உலாவியில நடக்குற சோதனை வயல்ல போடுற எடை. சர்வர்ல நடக்குற சோதனைதான் எடைமேடை. முன்னது பயனருக்கு உதவி, பின்னது உங்களுக்குப் பாதுகாப்பு. ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறவர் கையில தளத்தோட சாவியைக் குடுக்காதீங்க.

குப்பை மெயில் வர்றது மட்டும் ஆபத்து இல்ல. 2005 வாக்கில உலகம் பூரா ஒரு தாக்குதல் நடந்துச்சு. மெயில் அனுப்புற படிவத்துல "உங்க மின்னஞ்சல்" கட்டத்துக்குள்ள ஒரு வரி முறிவு, அதுக்குக் கீழ இன்னும் நூறு முகவரி. பி.எச்.பி. நிரல் அதை அப்படியே மெயில் தலைப்புக்குள்ள சேர்த்துடும். உங்க சர்வரே நூறு பேருக்கு ஸ்பாம் அனுப்பும். மெயில் முகவரிக்குள்ள வரி முறிவு இருக்கக் கூடாதுன்னு சர்வர்ல ஒத்தை வரி சோதனை இருந்தா அந்தக் கதவு மூடியிருக்கும்.

"அதுக்குத்தான் கேப்ட்சா இருக்கே"ன்னு சொல்ல வர்றீங்க. தெரியும். இங்கதான் என் கோபமே. நானும் போட்டேன். ஸ்பாம் குறைஞ்சுது. கூடவே மலையிலேர்ந்து வர்ற படிவமும் குறைஞ்சுது. வெள்ளிமலைப் பக்கத்துத் தம்பி ஒருத்தரை சந்தையில பார்த்தப்போ கேட்டேன்.

"ஏழு தடவை முயற்சி பண்ணேண்ணே. ரோட்டோரம் தண்ணிக் குழாய் எந்தப் படத்துல இருக்குன்னு கேக்குது. எங்க மலையில அந்தச் சிவப்புக் குழாயை எங்க போய்ப் பாக்குறது? அதுக்குள்ள சிக்னல் போயிடுது. திரும்ப முதல்லேர்ந்து கேக்குது. விட்டுட்டேன்."

சாமையை என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். தரகர்கிட்ட குடுத்துட்டாராம், அவர் சொன்ன விலைக்கு.

எதை ஒழிக்கணும்னு அந்தத் தளத்தை ஆரம்பிச்சோமோ அவர்கிட்டயே அந்தத் தம்பியைத் திருப்பி அனுப்பினது நான். அமெரிக்கத் தெருவுல நிக்கிற தீயணைப்புக் குழாயை அடையாளம் தெரியலைன்னா நீ மனுஷன் இல்லைன்னு ஒரு மலைவாசிகிட்ட என் தளம் சொல்லியிருக்கு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

இதே கூத்து பெரிய அளவுலயும் நடந்துச்சு. 2021 மே மாசம் 18 முதல் 44 வயசுக்காரங்க கோவின்ல முன்பதிவு பண்ணாத்தான் தடுப்பூசி. ஓடிபி, ஆங்கில எழுத்துல கேப்ட்சா. அந்த கேப்ட்சாவைத் தானாப் படிக்கிற நிரல்களை அப்பவே பொதுவெளியில போட்டுட்டாங்க. நிரல் தெரிஞ்சவனுக்கு அது தடையே இல்ல, ஆங்கிலம் தெரியாதவனுக்கு மலை. ஜூன் தொடக்கத்துல மாநில மொழிகளைச் சேர்த்தப்போ முதல்ல தமிழ் விடுபட்டுப் போய், பிரச்சினை ஆன பிறகுதான் வந்துச்சு. அங்க உருப்படியான தடுப்பு எது? ஒரு ஐபியிலேர்ந்து 5 நிமிஷத்துக்கு 100 அழைப்புக்கு மேல கூடாதுன்னு வெச்ச வரம்பு. அது சர்வர் வேலை. எந்தப் பாட்டியையும் அது படம் பார்க்கச் சொல்லல.

சின்னசேலத்துல ரயில் ஏறுற நம்மாளுங்களுக்கு தட்கல் கதையைச் சொல்லவே வேணாம். அங்கயும் வருஷக்கணக்கா கேப்ட்சா இருந்துச்சு. 2025 ஜூன்ல ரயில்வே சொன்ன கணக்கு: தட்கல் திறந்த முதல் 5 நிமிஷ லாகின் முயற்சியில 50 சதவீதம் வரைக்கும் ரோபோ. 2.5 கோடி ஐடிகளை முடக்கினாங்க. கேப்ட்சாவுக்குப் பயந்து எந்த ரோபோ ஓடிச்சு? 2010ல சான் டியாகோ கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டப்பவே, ஆயிரம் கேப்ட்சாவை மனுஷங்களை வெச்சுத் தீர்த்துத் தர சுமார் ஒரு டாலர்தான் கூலி. 2023ல வந்த இன்னொரு ஆய்வுல ரோபோக்கள் மனுஷங்களை விட வேகமாவும் சரியாவும் தீர்த்துச்சு. பூட்டு திருடனுக்குத் திறக்குது, வீட்டுக்காரனுக்குத் திறக்கலை. அப்புறம் எதுக்குய்யா அந்தப் பூட்டு?

சரி, நான் என்ன பண்ணேன்னு சொல்லிடறேன். கேப்ட்சாவைத் தூக்கி எறிஞ்சேன். எல்லாம் சர்வர்ல:

1. கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம். மனுஷன் காலியா விடுவான், ரோபோ நிரப்பும். நிரம்பியிருந்தா ஒதுக்கு. (கட்டத்துக்கு "மின்னஞ்சல்" மாதிரி பேரு வெச்சா உலாவியே தானா நிரப்பிடும், ஜாக்கிரதை. பார்வையற்றவங்களோட திரைபடிப்பான்லேர்ந்தும் மறைச்சு வைங்க.)

2. படிவம் குடுத்த நேரத்தை ரகசியச் சாவியால கையெழுத்துப் போட்டு கூடவே அனுப்பு. ரெண்டு செகண்ட்ல திரும்பி வந்தா ரோபோ. ஆனா மேல் வரம்பு தாராளமா இருக்கட்டும். மலையில சிக்னல் போய் ரெண்டு மணி நேரம் கழிச்சும் வரலாம்.

3. ஒவ்வொரு கட்டத்துக்கும் சோதனை. போன் பத்து இலக்கமா? மூட்டை எண்ணா? ஊர்ப் பேருக்குள்ள லிங்க் எதுக்கு?

4. ஐபிக்கு வரம்பு. ரொம்ப இறுக்காதீங்க. ஒரு இ-சேவை மையத்துல வரிசையில நிக்கிற அத்தனை பேருக்கும் ஒரே ஐபி.

5. சந்தேகமானதை அழிக்காதே, தனியா ஒதுக்கி வை.

அஞ்சாவதை அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். ரஷ்ய எழுத்துல ஸ்பாம் வருதேன்னு, ஆங்கில எழுத்து தவிர எல்லாத்தையும் தடுன்னு விதி எழுதினேன். நாலு நாள் கழிச்சுத்தான் உறைச்சுது, தமிழ்ல எழுதின அத்தனை பேரையும் நானே தடுத்திருக்கேன்! தமிழ்ப் பதிவர்னு பேரு வேற, வெக்கக்கேடு. ஒதுக்கி மட்டும் வெச்சிருந்ததால அத்தனையும் திரும்பக் கிடைச்சுது.

இது எல்லாத்தையும் தடுக்குமா? தடுக்காது. உங்க தளத்தை மட்டும் குறிவெச்சு எழுதின நிரல் கண்ணுக்குத் தெரியாத கட்டத்தைத் தாண்டிடும். தட்கல் மாதிரி காசு புழங்குற இடத்துக்கு கணக்கு வாரியா வரம்பு, நடத்தையைக் கண்காணிக்கிறதுன்னு இன்னும் வேணும். அதுவும் சர்வர்லதான். நண்பருக்கு இப்போ வாரத்துக்கு நாலஞ்சு குப்பை தப்பி வருது. அவர் கையால அழிச்சிடறார். அந்த வேலை அவரோடது, சாமை விக்கிற தம்பியோடது இல்ல.

கேப்ட்சா ஒட்ட அஞ்சு நிமிஷம், சர்வர்ல சோதனை எழுத அரை நாள். அந்த அரை நாளை மிச்சம் பிடிக்க, வர்றவன் போறவன் எல்லாரையும் பரீட்சை எழுத வைக்கிறோம். சோம்பேறித்தனத்துக்கு பாதுகாப்புன்னு பேரு வெச்சிருக்கோம். நீங்க செஞ்ச படிவத்தை இன்னிக்கு ஒரு தடவை பழைய போன்ல, ஒத்தைக் கோடு சிக்னல்ல நிரப்பிப் பாருங்க. அப்புறமா என்கிட்ட சண்டைக்கு வாங்க.

டிஸ்கி: அந்தத் தம்பி இப்போ படிவம் நிரப்புறார். தமிழ்லதான்.