திறமை தானாக மேலே வராது

"திறமை இருந்தால் யார் தடுத்தாலும் மேலே வந்துவிடுவான்." புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லையே என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால் இந்தப் பதில்தான் வருகிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் மேலே வந்துவிட்டவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் தனியாகவே ஏறி வந்ததாக மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறானது. கீழே நிற்பவனின் நிலைக்கு அவனையே குற்றவாளியாக்குவதால் கொடுமையானதும்கூட.

இதற்குச் சான்றாக எல்லா மேடைகளிலும் இழுக்கப்படும் பெயர் கணித மேதை ராமானுஜன். கும்பகோணத்து ஏழைப் பையன், பட்டமில்லை, வழிகாட்ட ஆளில்லை. கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் போட்டார், உலகமே திரும்பிப் பார்த்தது என்று முடித்துவிடுகிறார்கள்.

நடந்ததைப் பார்ப்போம். கைகொடுக்க ஆளில்லாத காலத்தில் ராமானுஜன் மேலே வரவே இல்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். அவருடைய நோட்டுப் புத்தகங்கள் அப்போதும் நிரம்பிக்கொண்டுதான் இருந்தன. பார்க்கத் தெரிந்த கண் எதிலும் அவை படவில்லை. 1910-ல் குமாஸ்தா வேலை கேட்டு, திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி அய்யரிடம் போனார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிவைத்தவர் அவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், இவரைத் தாலுகா அலுவலகத்தில் அடைத்துவிடக் கூடாது என்று முடிவு செய்து, சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

அந்த அலுவலகத்தில்தான் நாம் மறந்துவிட்ட ஒரு மேலதிகாரி இருந்தார். தலைமைக் கணக்கர் எஸ். நாராயண அய்யர், கணிதக் கழகத்தின் பொருளாளர். குமாஸ்தா பேரேட்டை ஒழுங்காக எழுதுகிறாரா என்று மட்டும் அவர் பார்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ மாலை வேளைகளில் சிலேட்டும் கையுமாக ராமானுஜனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். நடுவிலிருக்கும் படிகளையெல்லாம் ராமானுஜன் ஒரே தாவில் தாண்டிவிடுவார். தனக்கே விளங்காதது பிறருக்கு எப்படி விளங்கும், படிப்படியாக எழுத வேண்டும் என்று நாராயண அய்யர் விடாமல் வற்புறுத்தினார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கையும் இந்த விஷயத்தில் அக்கறை கொள்ள வைத்தார். 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குப் போனபோது ராமானுஜன் தனி ஆளாக இல்லை. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது அவரிடம் நோட்டைக் காட்ட ஆட்கள் இருந்தார்கள். அவர் சிபாரிசு செய்ய, பட்டமில்லாத ஒருவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. குடத்துக்குள் இருந்த விளக்கைக் குன்றின் மேல் கொண்டுபோய் வைக்க இத்தனை பேர் தேவைப்பட்டார்கள்.

இப்போது அந்த வரிசையை இன்னொரு முறை பாருங்கள். அய்யர், ராவ், அய்யர், பிறகு அவர்களுக்குப் பழக்கமான வெள்ளைக்கார அதிகாரிகள். அவர்களுடைய பெருந்தன்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒருவரின் மகனுக்கு எண்கள் அப்படி வசப்பட்டிருந்தால், அவன் எந்த டெபுடி கலெக்டர் வீட்டுத் திண்ணையில் போய் நின்றிருப்பான்? கைதூக்கிவிடும் வழக்கம் நம்மிடம் எப்போதும் உண்டு. அது உறவும் சாதியும் பழக்கமும் போட்ட பாதையிலேயே போகும் என்பதுதான் கேடு.

இன்று சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் அலுவலகங்களிலும் அது அப்படியே போகிறது. யாருக்கு நல்ல திட்டம் கிடைக்கும், வாடிக்கையாளர் முன்னால் யாரைப் பேசவைப்பது என்பதெல்லாம் டீக்கடையிலும் இரவு விருந்திலும் முடிவாகின்றன. அலுவலக வண்டியைப் பிடித்து வீட்டுக்கு ஓடும் பெண் அங்கே இருப்பதில்லை. தமிழ் வழியில் படித்துக் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்த பையன் கூட்டத்தில் ஆங்கிலத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது பேச்சு அவனைக் கடந்துவிடுகிறது; அவனிடம் யோசனையே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்குப் பக்கத்து மேசையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வழியும் அடைபட்டுவிட்டது.

இதைச் சொன்னால், சிபாரிசுக் கலாசாரத்தையா வளர்க்கச் சொல்கிறாய் என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி, சிபாரிசால் வாய்ப்பிழந்தவர்கள் நிறைந்த நாடு இது. ஆனால் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் இருப்பதால் சிபாரிசு ஒழிவதில்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்கு ரகசியமாகச் செய்துகொண்டே இருப்பார்கள். சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்தவரைப் பெயர் குறித்து ஒப்படைப்பதும், அதற்கான நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிடுவதும்தான் சிபாரிசை உடைக்கும் வழி.

வேலையின் தன்மையே மாறும்போது இது இன்னும் அவசரமாகிறது. அமெரிக்காவின் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் 1943-ல் சேர்ந்தவர் டோரதி வான். கறுப்பினப் பெண்கள் தனிப் பிரிவில் உட்கார்ந்து கையால் கணக்கிட்ட காலம். 1949-ல் அந்தப் பிரிவை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. மின்னணுக் கணினி வந்தால் தம் பிரிவுப் பெண்களின் வேலை போய்விடும் என்று கண்டுகொண்டவர், தாமே ஃபோர்ட்ரான் கற்று அவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தால் நம் நாற்காலிக்கு ஆபத்து என்று அஞ்சும் மேலாளர்கள் படிக்க வேண்டிய வாழ்க்கை அது. 1958-ல் தனிப் பிரிவுகள் கலைக்கப்பட்ட பிறகு அவருக்கு இன்னொரு தலைமைப் பதவி கிடைக்கவே இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கேட்டும் கிடைக்கவில்லை. யார் தடுத்தாலும் மேலே வந்துவிடுவார்கள் என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. சோதனை ஓட்டுவது, சின்னப் பிழை திருத்துவது, அறிக்கையின் முதல் வரைவு எழுதுவது என்று புதியவர்கள் தவறு செய்து கைப்பழக்கம் பெற்ற வேலைகளையெல்லாம் முதலில் அதனிடம்தான் கொடுக்கிறார்கள். ஏணியின் கீழ்ப்படிகளைக் கழற்றிவிட்டு, ஏறத் தெரிந்தவன் ஏறிக்கொள்ளட்டும் என்பது தலைமை ஆகாது. புதுமை வேண்டும் என்று சுவரில் எழுதிவைக்கும் நிறுவனத்துக்கு, அந்தப் புதுமையைச் செய்யப்போகும் இருபத்திரண்டு வயதுக்காரரோடு உட்கார ஒரு மணி நேரம் இல்லையா?

சேர்த்துக்கொண்டதோடு கடமை முடிந்ததென்றும் நினைக்கக் கூடாது. கேம்பிரிட்ஜுக்கு வந்த ராமானுஜன்மீது பாடத்திட்டத்தைத் திணிக்காமல் அவரை அவர் போக்கில் விட்ட ஹார்டியின் பக்குவம் அபூர்வமானது. ஆனால் முதல் உலகப் போர்க்காலத்துக் கேம்பிரிட்ஜில் மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு, தனிச் சமையல், கடுங்குளிர், தனிமை. கணிதத்தைக் கவனித்த அளவுக்கு மனிதரைக் கவனிக்க அங்கே ஆளில்லை. 1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். 1920-ல் 32 வயதில் இறந்தார்.

மேலாளர் ஒருவரின் பதவி உயர்வைப் பரிசீலிக்கும்போது, அவர் முடித்த திட்டங்களையும் ஈட்டிய வருவாயையும் கேட்கிறோம். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். அவர் வளர்த்துவிட்டவர்களில் அவருடைய ஊரையும் மொழியையும் சாதியையும் சேராதவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கும் அதே படிவத்தில் இடம் இருக்க வேண்டும். அது காலியாக இருந்தால் பதவி உயர்வு நிற்க வேண்டும்.