காருக்குள் ஓர் இன்வெர்ட்டர்

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய அத்தாவுக்கு நாட்பட்ட மூச்சிரைப்பு. பரிசோதனைக்காக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அடிக்கடி காரில் அழைத்துச் செல்கிறார்கள். வாலாஜாபேட்டை வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வழியில் மூச்சு முட்டினால் நெபுலைசர் வைக்க வேண்டும். அதுவோ வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவி. "காரில் செருகுகின்ற இன்வெர்ட்டரைக் கடையில் 200 வாட், 500 வாட், ஆயிரம் வாட் என்று அடுக்கிக் காட்டுகிறார்கள். பெரியதாகவே வாங்கிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம் என்பதே முதல் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இக்கேள்வி அந்தச் சகோதரிக்கு மட்டும் உரியதன்று.

இன்வெர்ட்டர் என்றதும் நம் இல்லங்களில் நினைவுக்கு வருவது, 2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் வீட்டின் மூலையில் இடம்பிடித்த பெட்டியும் அதனருகே அமர்ந்த பெரிய பாட்டரியும்தான். கார் இன்வெர்ட்டர் செய்வதும் அதே வேலைதான். பாட்டரியின் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக அது மாற்றித் தருகிறது. ஆனால் வீட்டுப் பெட்டி தடித்த கம்பிகளால் பாட்டரியோடு நேராகப் பிணைக்கப்பட்டிருக்கும். கார் இன்வெர்ட்டரோ டாஷ்போர்டில் உள்ள ஒரு சிறு துளையின் வழியாகவே மின்சாரத்தை உறிஞ்சியாக வேண்டும்.

அந்தத் துளை இதற்காக ஏற்பட்டதன்று. சிகரெட் பற்றவைப்பதற்காக வந்தது. கழற்றி எடுக்கக்கூடிய மின் பற்றவைப்பானுக்கு அமெரிக்காவில் ஜோஷுவா மோரிஸ் என்பவர் 1921இல் காப்புரிமை பெற்றார். ஒரு கம்பிச்சுருளைச் சில விநாடிகள் பழுக்கக் காய்ச்சிவிட்டு ஓய்ந்துவிடுவதே அதன் தொழில். பற்றவைப்பான் பல கார்களிலிருந்து மறைந்துவிட்டது, நல்லதே. துளை மட்டும் நிலைத்துவிட்டது. நடுவில் ஒரு முனை, பக்கத்தில் வில்போல் அழுத்தும் தகடு, இவ்வளவே அதன் தொடுபுள்ளிகள். வண்டி குலுங்கும்போது தொடுகை தளரும். தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கும். சில விநாடிகளுக்கென அமைந்த இடத்தில் அரைமணி நேரம் பெருமின்னோட்டத்தைச் செலுத்தினால் பிளாஸ்டிக் இளகுவதில் வியப்பில்லை.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் காரண்டை போக வேண்டும். அந்தத் துளையின் மூடியிலோ காரோடு தரப்பட்ட கையேட்டிலோ "12 வோல்ட், 120 வாட்" என்றோ "180 வாட்" என்றோ குறித்திருக்கும். இல்லையெனில் பியூஸ் பெட்டியைத் திறந்து, அத்துளைக்குரிய பியூஸைப் பார்க்கலாம். செருகு பியூஸ்களில் நிறமே எண்ணைச் சொல்லிவிடும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. இனி ஓர் எளிய கணக்கு. இன்வெர்ட்டரிலேயே சிறிது மின்சாரம் சூடாக வீணாவதையும் சேர்த்துக்கொண்டால், கருவியின் வாட் அளவைப் பத்தால் வகுத்து வருவதே காரிலிருந்து இழுக்கப்படும் ஆம்பியர். 10 ஆம்பியர் பியூஸுக்கு 100 வாட். 15 ஆம்பியருக்கு 150 வாட். அதற்கு மேல் அத்துளை தராது. ஆயிரம் வாட் பெட்டியை முழு அளவில் ஓட்ட 100 ஆம்பியர் வேண்டும். பாட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்தாலன்றி அது நடவாது. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது பல வேளைகளில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் தாங்கும் அளவு. தொடர்ந்து தரும் அளவு எது என்று கேட்டு வாங்க வேண்டும்.

பியூஸ் எரிந்து போனால் பெரிய பியூஸ் போட்டுத் தருகிற, அல்லது செம்புக் கம்பியைச் சுற்றித் தருகிற கைவேலை நம் ஊர்களில் சாதாரணம். அதற்கு ஒருபோதும் இசையாதீர்கள். பியூஸ் எரியாவிட்டால் டாஷ்போர்டுக்குள் ஓடும் கம்பி எரியும். அதுவும் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது.

இப்போது அத்தாவின் நெபுலைசருக்கு வருவோம். காற்றழுத்தும் மோட்டார் உள்ள வீட்டு நெபுலைசர்கள் பெரும்பாலும் 100 முதல் 180 வாட் வரை இழுக்கும். கருவியின் அடியில் ஒட்டிய சீட்டில் வாட் இல்லாமல் வோல்டும் ஆம்பியரும் மட்டும் இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 230 வோல்ட், 0.6 ஆம்பியர் என்றால் 138. மோட்டார் கிளம்பும் கணத்தில் இதைவிடக் கூடுதலாகவே கேட்கும். 120 வாட் துளையில் இது ஓடாது. 180 வாட் துளையிலும் விளிம்பில்தான் நிற்கும். மூச்சுக்குத் தவிக்கும் ஒருவரின் உதவி, விளிம்பில் நிற்கும் ஒரு பியூஸை நம்பியிருக்கலாகாது. எனவே சகோதரி இன்வெர்ட்டருக்குச் செலவிடும் பணத்தோடு இன்னும் சிறிது சேர்த்து, தன் பாட்டரியிலேயே ஓடும் மெஷ் நெபுலைசர் ஒன்றை வாங்குவதே மேல் என்பது என் கருத்து. எல்லா மருந்தும் அவ்வகைக் கருவிக்கு ஒத்துவருவதில்லை. அத்தாவின் மருந்துப் பெயரைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டபின் வாங்குக. ஸ்பேசருடன் கூடிய இன்ஹேலர் போதுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். மூச்சு அடங்காவிட்டால் வண்டியை ஓரங்கட்டி 108ஐ அழைப்பதுதான் வழி. ஐந்து லிட்டர் ஆக்ஸிஜன் செறிவூட்டி 300 வாட்டுக்கும் மேல் கேட்கும். அதை இத்துளையில் பொருத்த நினைக்கவே கூடாது.

மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் மட்டும் என்றால் 100 வாட் இன்வெர்ட்டர் தாராளம். புதிய மடிக்கணினியாயின் டைப்-சி வழியே மின்னேற்றும் கார் சார்ஜரே போதும். 12 வோல்டை 230 ஆக்கி, மீண்டும் 20 வோல்டாகக் குறைப்பது வீண் சுற்று. மோட்டார் உள்ள கருவிகளுக்கு பியூர் சைன் வேவ் வகையைக் கேட்டு வாங்குக. விலை குறைந்த மாடிஃபைடு வகையில் மோட்டார் முனகும், கூடுதலாகச் சூடேறும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பொருளில் ஒரு கவனம் தேவை. அமெரிக்காவில் விற்கும் இன்வெர்ட்டர் தருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் கருவிகள் அதில் சரியாக ஓடா. சவூதியிலும் 60 ஹெர்ட்ஸ் மின்சாரமே. "230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்" என்று எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்தபின் வாங்கி வரச் சொல்லுங்கள். லாரி, பேருந்துகளில் 24 வோல்ட் இருக்கும். காருக்கான இன்வெர்ட்டரை அங்கே செருகினால் அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது.

சிறிய பெட்டிதானே என்று பின்னிருக்கையில் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவதும் உண்டு. அதன் துளையில் இருப்பது வீட்டுச் சுவரில் உள்ள அதே 230 வோல்ட். எல்லா நாட்டுப் பிளக்கும் நுழையட்டும் என்று அகலமாக வைத்த துளையில் குழந்தையின் கையிலுள்ள ஊக்கும் நுழையும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில், அன்றைய காஞ்சி மாவட்டத்தின் தாம்பரம், முடிச்சூர்ப் பகுதிகளில் மின்சாரமின்றிப் பலர் தவித்தபோது, கைப்பேசிக்கு உயிர்கொடுக்கக் கார் பாட்டரி உதவியது. அத்தகைய நாளில் கணக்கு முக்கியம். சிறிய காரின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி அளவினது. எஞ்சினை நிறுத்திவிட்டு 100 வாட் இழுத்தால் ஒரு மணி நேரத்திலேயே பழைய பாட்டரி வண்டியைக் கிளப்ப மறுக்கலாம். பாட்டரி தளர்ந்ததும் இன்வெர்ட்டர் ஒலியெழுப்பித் தானே நின்றுவிடும் என்பது மெய். ஆனால் அது நிற்பதற்குள் ஸ்டார்ட்டருக்கு வேண்டிய வலுவும் போயிருக்கும். அதற்காக மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பது அதனினும் கொடிது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தண்ணீர் புகுந்த காரில் எதையும் செருகவே வேண்டாம்.

வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் பட்டுப்புடவைக் கட்டுகளோடு போகும் காஞ்சி வியாபாரிகளுக்கும் ஒரு சொல். பில் இயந்திரத்துக்கும் கணினிக்கும் இன்வெர்ட்டர் பயன்படும்தான். ஆனால் அதைக் கட்டுகளுக்கு அடியில் புதைத்து வைக்காதீர்கள். அதன் விசிறித் துளை திறந்திருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்குப் பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் கழற்றிவிட்டு, துளையைத் துடைத்து, குறைந்த வாட் கருவியை மட்டும் பயன்படுத்துங்கள்.