பெட்டியைக் கழற்றுவதற்கு முன்

பழைய காரொன்றின் ஓட்டோமெட்டிக் கியர் மாறும்போது உதறினால், நமது கராஜ்களில் அதற்கு வழங்கப்படும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது. மாற்ற வேண்டும்." வண்டியை ஒரு கிலோமீற்றர் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒயிலை முகர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் தீர்ப்புத் தயார், விலையும் தயார். இதை நோயறிதல் என்று ஏற்றுக்கொள்ள நான் மறுக்கிறேன். இது ஊகம். அதுவும் அடுத்தவர் பணத்தில் நடத்தப்படும் ஊகம்.

இது சில்லறை விடயமன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில் 2022இல் ரூபா சரிந்தது. விளைவு, இருபது, முப்பது வருடப் பழைமையான ஜப்பானியக் கார்களே இன்றும் இந்நாட்டின் நடுத்தரக் குடும்பங்களைச் சுமந்து திரிகின்றன. அத்தகைய காருக்கு மாற்றாகக் கிடைப்பது புதிய கியர்பொக்ஸ் அன்று. பஞ்சிகாவத்தையிலோ வேறிடத்திலோ வாங்கப்படும் அது, எங்கோ உடைக்கப்பட்ட இன்னொரு பழைய காரின் உறுப்பு. அது எத்தனை இலட்சம் கிலோமீற்றர் ஓடியது, அதன் ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்பதை விற்பவரும் அறியார். தெரிந்த நோயைக் கொடுத்துவிட்டுத் தெரியாத நோயை விலைக்கு வாங்குகிறோம்.

ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸ் ஒயில் அழுத்தத்தால் இயங்குவது. பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது. வால்வுத் தொகுதி அதைப் பங்கிடுகிறது. மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினோய்ட் வால்வுகள் எப்போது, எங்கே என்று கட்டளையிடுகின்றன. அந்த அழுத்தம் கிளட்ச் தட்டுகளை இறுக்கும்போது கியர் மாறுகிறது. ஆகவே உதறல் என்பது அழுத்தம் மிகுந்தோ, குறைந்தோ, நேரம் தவறியோ வந்ததற்கான அடையாளம். காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அறிகுறியே. அதற்கான காரணம் பல வேளைகளில் பெட்டிக்கு வெளியே இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது ஒயில். இதிலேயே தவறுகள் தொடங்குகின்றன. பழைய டொயோட்டாக்களில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒயில் சூடான பின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்க வேண்டும். ஹொண்டாக்களில் எஞ்சினை நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே விதமாகப் பார்ப்பவர் இரண்டில் ஒன்றில் தவறிழைக்கிறார். நிறமும் மணமும் சாட்சி சொல்லும்: சிவந்து தெளிந்திருப்பது நலம், கறுத்துக் கருகிய வாடை வீசுவது கிளட்ச் தட்டுகள் எரிந்ததற்கான தடயம். எந்த ஒயில் ஊற்றப்பட்டது என்பதும் கேட்கப்பட வேண்டும். ஹொண்டா தன் பெட்டிகளுக்கெனத் தனி ஒயிலை வகுத்திருக்கிறது. சீவீடி வகைப் பெட்டிக்குச் சாதாரண கியர் ஒயிலை ஊற்றுவது அதைக் கொல்வதற்கு ஒப்பாகும். "எல்லாம் சிவப்புத்தானே" என்று கூறுபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

அடுத்தது வெளியுறுப்புகள். எஞ்சினைத் தாங்கும் றப்பர் மவுண்ட் கிழிந்திருந்தால், டீயிலோ ஆரிலோ போடும்போது பெட்டியே இடிப்பது போன்ற ஓசை எழும். எஞ்சின் ஐடில் வேகம் மிகுந்திருந்தாலும் அவ்வாறே. ஸ்பார்க் பிளக் பழுதாகி எஞ்சின் ஒரு சிலிண்டரில் தடுமாறினால், அதுவும் கியரின் நடுக்கமாகவே தோன்றும். 1990களின் பல டொயோட்டாக்களில் த்ரொட்டிலிலிருந்து கியர்பொக்ஸுக்கு ஒரு கேபிள் செல்கிறது. அது மிகையாக இறுகினால் கியர் தாமதித்து முரட்டுத்தனமாக மாறும், தளர்ந்தால் வழுக்கும்.

மூன்றாவது மின்னணுச் சாட்சியம். அக்காலத்து டொயோட்டாக்களில் ஓவர்டிரைவ் விளக்கு கண்சிமிட்டினால், கணினி ஒரு குறையைப் பதிவுசெய்துள்ளது என்று பொருள். பிற்காலக் கார்களில் ஸ்கானர் அதைக் குறியீடாகக் காட்டும். ஆனால் ஸ்கானரில் பீ0700 தெரிந்தவுடன் பெட்டியை இறக்குகிறவர்களை என்னவென்பது? அக்குறியீட்டின் பொருள், கியர்க் கட்டுப்பாட்டுப் பகுதி ஏதோ முறையிடுகிறது என்பது மட்டுமே. அதைத் தொடரும் குறியீடு வேகச் சென்சரையோ ஒற்றைச் சொலினோய்டையோ சுட்டலாம். பல பெட்டிகளில் சொலினோய்டை, அடித்தட்டை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். இவற்றிற்குப் பின்னும் ஐயம் நீங்காவிடில், அழுத்தமானியைப் பொருத்தி ஒயில் அழுத்தத்தை அளக்க வழியுண்டு. பெட்டியைத் திறப்பது கடைசிப் படி. நம்மிடையே அதுவே முதற்படியாகிவிட்டது.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். 1990களில் தயாரான என் காரில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது முதுகில் உதைப்பது போன்ற அதிர்வு ஏற்பட்டது. பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு கராஜில் பத்து நிமிடத்தில் பெட்டிக்கு மரண அறிவித்தல் எழுதினார்கள். மற்றோர் இடத்தில் வயதான மெக்கானிக் ஒருவர், "இதற்கு முன் இந்த வண்டியில் என்ன வேலை செய்தார்கள்?" என்று மட்டும் கேட்டார். த்ரொட்டில் பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார்கள். திருப்பிப் பூட்டியபோது கேபிளை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டிருந்தார்கள். ஒரு ஸ்பானரோடு வேலை முடிந்தது. இருவருக்குமிடையே இருந்த வேறுபாடு கருவியில் இல்லை. அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

கராஜ்காரர்களின் மறுமொழியையும் நான் அறிவேன். "இரண்டு மணித்தியாலம் சோதித்துக் கேபிள்தான் பிழை என்று சொன்னால், யார் எனக்குக் காசு தருவார்கள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வைத்தியர் நாடி பார்த்ததற்குப் பணம் கொடுக்கும் நாம், மெக்கானிக் சிந்தித்ததற்குக் கொடுப்பதில்லை. பொருளுக்குக் காசு, அறிவுக்கு இல்லை என்பது நம் நியதி. அப்படியிருக்க, அவர் பொருளை விற்பதில் வியப்பென்ன? சோதனைக்கெனத் தனிக்கூலி கேட்பவரை "ஆசைக்காரன்" என்று தூற்றுவதை நிறுத்துவோம். அவரே நேர்மையானவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கூலி குறைவு என்பதற்காகப் பொய்த் தீர்ப்பு எழுதுவதை எந்தத் தொழில் அறமும் அனுமதிக்காது.

பெட்டி உண்மையாகவே அழிந்துபோகும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஒயில் கருகி, அடித்தட்டில் உலோகத் துண்டுகள் கிடந்து, கியர் விழுந்தும் வண்டி நகராவிட்டால் வாதம் வேண்டாம். அப்போதும் அந்த அடித்தட்டைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். காந்தத்தில் ஒட்டிய மெல்லிய சாம்பல்நிறக் குழம்பு இயல்பான தேய்மானம். அதைக் காட்டிப் பயமுறுத்தினால் மயங்காதீர்கள்.

கொழும்பிலாயினும் ரொறன்ரோவிலாயினும் பழைய காரோடு வாழும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். "மாற்ற வேண்டும்" என்று சொல்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒயில் எந்நிலையில் இருந்தது? என்ன குறியீடுகள் பதிவாகியிருந்தன? அழுத்தம் எவ்வளவு? மூன்றுக்கும் விடை இல்லையேல், சாவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறுங்கள். விசாரணையின்றி எழுதப்பட்ட தீர்ப்புக்கு நாம் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?