நேற்று நாம், இன்று அவர்கள்



போன மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பெரட்டு முடிந்து ஆட்கள் கலைந்த நேரம். ஒரு வங்காளதேசத்துப் பையன் தயங்கித் தயங்கி என் பக்கம் வந்தான். கையில் சம்பளத் துண்டு. குலைக் கணக்கைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள், பாஸ்போர்ட்டும் ஆபீஸில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று உடைந்த மலாயில் சொன்னான்.

நான் எழுதிக்கொள்ளும்போதே நம் ஆள் ஒருவர் குறுக்கே வந்தார். "வந்தவனுக்கெல்லாம் எதுக்கண்ணே யூனியன்? இவனுங்களாலதானே நமக்குச் சம்பளம் ஏறல?" என்றார்.

அவர் கெட்டவர் அல்ல. நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர். ஆனாலும் அந்தப் பேச்சு என்னை உறுத்தியது. 'வந்தவன்' என்பது நம் அப்பன் பாட்டன் காதில் விழுந்த சொல்லாயிற்றே!

1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிரஜை அல்லாதவர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்றானது. பால்மரம் வெட்டி முதுகு வளைந்தவர்கள் சிவப்பு அடையாளக் கார்டை வைத்துக்கொண்டு கலங்கி நின்றார்கள். பல ஆயிரம் பேர் கப்பலேறினார்கள். பெர்மிட்டை நம்பிப் பிழைக்கிறவன் படும் பாடு நமக்குத் தெரியாததா?

அதற்கும் முன்னே, 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தார்கள். என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்களும் உண்டு. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது நமக்கு வரும்போது நியாயம், இன்னொருத்தனுக்கு என்றால் அநியாயமா?

சம்பளம் ஏறாததற்கு அந்தப் பையன் காரணமல்ல. வாய் திறக்கப் பயப்படும் ஆள் மலிவாகக் கிடைக்கும்வரை நிர்வாகம் நமக்கு ஏன் கூட்டிக் கொடுக்கப் போகிறது? அவன் பயம் போனால்தான் நம் கூலியும் ஏறும்.

சட்டமும் அவன் பக்கம் இருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளம் நமக்கும் அவனுக்கும் ஒன்றுதான். 2019 முதல் அவனுக்கும் சொக்சோ விபத்துப் பாதுகாப்பு உண்டு. முதலாளி அவன் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம்.

ஆகவே தோழர்களே, லயத்துத் தண்ணீர்க் குழாயில் அவர்களைக் கடைசியில் நிற்க வைக்காதீர்கள். தீபாவளிக்கு ஒரு தட்டுப் பலகாரம் அந்த வாசலுக்கும் போகட்டும். சம்பளத் துண்டு வாசிக்கத் தெரியாதவனுக்கு வாசித்துச் சொல்லுங்கள். குறை இருந்தால் கிளைத் தலைவரிடம் கூட்டி வாருங்கள்.

கடைசியாக ஒன்று. அன்றைக்குக் குறுக்கே வந்த தம்பியிடம், "உன் துண்டையும் கொண்டு வாப்பா" என்றேன். வீட்டில் குறித்து வைத்திருந்த கணக்கோடு ஒத்துப் பார்த்தோம். அவருக்கும் அதே மாதிரி குறைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "ரெண்டு பேரு புகாரையும் ஒண்ணா எழுதுங்கண்ணே" என்றார்.

ஒன்றாகவே எழுதினேன்.