தெளிந்தால் போதுமா?

திருப்பூர்ச் சாயக்கழிவுக்குப் பாலிமர் போட்டுத் தெளியவைத்தாலே போதும், கரைந்த உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வும் (எதிர்ச் சவ்வூடுபரவல்) ஆவியாக்கியும் வீண் செலவு என்று எழுதியிருக்கிறார் ஒருவர். அவர் காட்டும் ஒரே ஆதாரம் ஒரு கண்ணாடிக் குடுவை. கலங்கிய கழிவு சில நிமிடங்களில் தெளிந்துவிட்டதாம்.

தெளியத்தான் செய்யும். ஒரே மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கும் நுண்துகள்களை ஃபெரஸ் சல்பேட்டும் சுண்ணாம்பும் ஒட்டவிடும். பாலிமரின் நீண்ட சங்கிலி அவற்றைக் கோத்துத் திரளாக்கும். திரள் அடியில் படியும். அவ்வளவுதான் அதன் வேலை. கரைந்த உப்பை அது தொடவே தொடாது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்புப் போடுகிறார்கள். துணி அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, அலசும்போது கழிவில்தான் வந்து சேர்கிறது. அதே குடுவையில், கரைந்த திடப்பொருளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கியிருந்தால் எண் இறங்காமல் நிற்பது தெரிந்திருக்கும். அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். கட்டுரை முழுக்கத் தேடினேன், டிடிஎஸ் என்ற சொல்லே இல்லை. இது கவனக்குறைவு என்று நான் நம்பவில்லை.

இவர் புதுவழி என்று சொல்வதைத்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல ஆண்டுகள் செய்து பார்த்தன. விளைவு, நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று 1992இல் திறந்த அது சாயக்கழிவுத் தேக்கமானது. தண்ணீர் விடு என்று கேட்க வேண்டிய உழவர்கள், விடாதே என்று போராடினார்கள். நொய்யல் கரைக் கிணறுகள் உப்புக் கரித்தன. சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படியும் நிற்காததால்தான் 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. இத்தனையும் நடந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர் இதில் ஒன்றைக்கூடக் குறிப்பிடவில்லை.

பாலிமர் முற்றிலும் தீங்கற்றது என்று அவர் சொல்வதும் பொய். இதற்குப் பயன்படும் பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரில் எஞ்சும் அக்ரிலமைடு நரம்பு நஞ்சு. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம். நேர்மின் பாலிமர் மீன்களின் செவுளில் ஒட்டி மூச்சை அடைக்கும். படிந்த சேறு எங்கே போகும் என்பதற்கு ஒரு வரி இல்லை.

பாலிமர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆர்.ஓ.வுக்கு முன்னால் சவ்வு அடைக்காமல் காக்கவும், நகரச் சாக்கடைச் சேற்றைப் பிழியவும் அது தேவை. ஆர்.ஓ. செலவு சிறு பட்டறைகளுக்குச் சுமை என்பதும் உண்மை. அரசிடம் மானியம் கேளுங்கள், பனியன் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் விலையை உயர்த்திக் கேளுங்கள். கீழ் நொய்யல் உழவர் தலையில் அந்தச் சுமையை இறக்க உங்களுக்கு உரிமை கிடையாது.