இந்திரஜித்து மறையலாம், எங்க வீட்டுப் பிள்ளை மறையக் கூடாதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கோபத்தில் எழுதுவது. ஆறிப்போனால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் பேஸ்மெண்டில் ஆறேழு தமிழ்ப் பிள்ளைகள் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறார்கள். கதை நடத்துவது நான். போன மாதம் இங்குள்ள சங்கக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "மந்திரம் போட்டு மறைஞ்சு நின்னு முதுகுல குத்துறதுக்குப் பிள்ளைகளைப் பழக்குறாங்க, இது நம்ம பண்பாடே இல்ல" என்றார். நான் அண்ணாச்சி என்று கூப்பிடும் மனிதர். நல்லவர்தான். ஆனால் அந்த ஒரு பேச்சில் இரண்டு வீடுகள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டன. அதில் ஒருத்தி வீட்டில் கூட ஆங்கிலம்தான் பேசுவாள். அந்த மேஜையில் மட்டும் "லே மக்கா, நீ அந்தப் பக்கம் போ, நான் இந்தப் பக்கம் வாறேன்" என்பாள். எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

நம்ம பண்பாடு இல்லையாம். சரி, பார்க்கலாம்.

ராமன் வாலியை எப்படிக் கொன்றான்? மறைந்து நின்று. தூரத்திலிருந்து அம்பு. வாலியோடு கட்டிப் புரள்வதற்குச் சுக்ரீவன். அடையாளம் தெரியச் சுக்ரீவன் கழுத்தில் மாலை. இந்த விளையாட்டின் விதிப் புத்தகத்தில் கள்ளனுடைய மறைமுகத் தாக்குதலுக்கு என்ன நிபந்தனை தெரியுமா? தூர ஆயுதமோ லாவகமான (finesse) ஆயுதமோ வேண்டும். எதிரிக்கு 5 அடிக்குள் நம் ஆள் ஒருவன் நிற்க வேண்டும், அல்லது வேறு ஏதாவது வகையில் நம் கை ஓங்கியிருக்க வேண்டும். சுக்ரீவன் 5 அடிக்குள்தானே நின்றான்! மந்திரமே தேவைப்படவில்லை. மந்திரம் வேண்டுமென்றால் இந்திரஜித்து இருக்கிறான். மாயையால் வானத்தில் மறைந்து நின்று நாகபாசம் விட்டவன். அவனை எப்படி மடக்கினார்கள்? விபீஷணன் துப்புக் கொடுக்க, நிகும்பலையில் யாகத்தை முடிக்கவிடாமல் கலைத்தார்கள். விளையாட்டிலும் அதேதான். பெரிய மறைவு மந்திரம் போட்டவனின் கவனம் கலைந்தால் மந்திரமும் கலையும். என் மேஜையில் பதினோரு வயசுப் பையன் ஒருத்தன் யாரும் சொல்லாமலே, "அவனை விடு, மந்திரம் போடுறவனை அடி" என்றான். அவனுக்கு ராமாயணம் தெரியாது. அன்றைக்கு ராத்திரிதான் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

இதே சங்கங்களில் வாலி வதம் சரியா தவறா என்று பட்டிமன்றம் வைத்தால் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறோம். அதையே பிள்ளைகள் பகடை உருட்டிக்கொண்டு கேட்டால் பண்பாடு கெட்டுவிடுகிறதாம். தூங்குகிற காவல்காரனைக் குத்தலாமா என்று என் மேஜையில் முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. அசுவத்தாமன் கதையைச் சொன்னேன். பாசறையில் தூங்கியவர்களைக் கொன்றவனுக்குக் கண்ணன் கொடுத்த சாபத்தைச் சொன்னேன். கடைசியில் கட்டிப்போடுவது என்று முடிவானது. எந்த நீதிபோதனை வகுப்பில் முக்கால் மணி நேரம் பிள்ளைகள் விழித்திருக்கிறார்கள், சொல்லுங்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். நான் பாறசாலைக்குத் தெற்கே, களியக்காவிளையைத் தொட்டுக்கொண்டிருக்கிற கிராமம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா அந்தப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கம் நின்றது. நாங்கள் கேரளாவில் இருந்துகொண்டு வீட்டில் தமிழ் பேசினோம். பலா என்றால் எங்களுக்குச் சிரிப்பு வரும், சக்கைதான். அந்தச் சக்கை மரம்தான் நான் நடத்துகிற கதையின் நடு மையம்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவின் எச்சத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து பிழைத்தார், பிறகு ராஜாவாகி (1729 முதல் 1758 வரை ஆண்டவர்) அங்கே கோயில் கட்டினார் என்பது ஊர்க் கதை. பொந்தைக் காட்டிக் கொடுத்தது ஒரு சான்றான் என்பார்கள். சி.வி.ராமன் பிள்ளை 1891-ல் வந்த தன் நாவலில் அந்தப் பைத்தியக்காரச் சான்றானையே மாறுவேடத்தில் திரியும் அனந்தபத்மநாபன் ஆக்கிவிட்டார்.

என் பிள்ளைகள் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று வரைபடத்தில் விரல் வைத்துத் திட்டம் போடுகிறார்கள். யாரை எங்கே மறைப்பது, துரத்துகிறவனை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்று. நான் அடித்துச் சொல்கிற கட்சி ஒன்று உண்டு: வெறும் மறைவு மந்திரம் சோம்பேறி மந்திரம். மூன்றாம் நிலையில்தான் அது கைக்கு வரும். ஒரு அடி அடித்ததும் கலைந்துவிடும். அந்த நிலையில் கள்ளனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு பகடை, சராசரி 7 புள்ளி. நண்பன் பக்கத்தில் நின்றாலே கிடைக்கிற அந்த 7-க்காக மந்திரவாதியின் சரக்கைக் காலி பண்ணுவானேன்? அதற்குப் பதில் முதல் நிலையிலேயே ஒளி மந்திரம் இருக்கிறது. எதிரிகள் மேல் வெளிச்சம் ஒட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் வரை எல்லோருடைய அடியும் சுலபமாக விழும். தடம் தெரியாமல் நடக்கும் மந்திரம் கூட்டம் முழுவதற்கும் பதுங்கலில் 10 கூட்டித் தரும். ஒருத்தன் மறைவதை விட ஏழு பேரும் சத்தமில்லாமல் நடப்பது மேல். இதைச் சொன்னால் பெரிய பையன்கள் ஆந்தையை வளர்த்து எதிரி தலைக்கு மேல் பறக்கவிட்டால் போதுமே என்கிறார்கள். போதும்தான். ஆனால் எல்லாச் சண்டையிலும் அதே ஆந்தை என்றால் எனக்குக் கொட்டாவி வருகிறது.

உண்மையில் நம் ஆட்களிலே கெட்டிக்காரி பழையனூர் நீலிதான். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன்" என்று ஊர்ச் சபையையே நம்பவைத்து, ராத்திரியில் காரியத்தை முடித்தாள். தன்னை மறைக்கவே இல்லை, பார்க்கிறவர்களின் கண்ணைத்தான் மறைத்தாள். எங்கள் பக்கத்து இசக்கி கோயில் வில்லுப்பாட்டில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாங்கள் யாரும் கொலைகாரர்களாகவில்லை.

1980-களில் அமெரிக்காவில் இதே பயம் வந்தது. 1983-ல் இந்த விளையாட்டுக்கு எதிராக இயக்கமே தொடங்கினார்கள், பேய் வழிபாடு என்றார்கள். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் கம்பெனியே பயந்து பேய்களின் பெயரை மாற்றியது. பேய் யாரையும் பிடிக்கவில்லை. அவர்கள் நாற்பது வருஷத்துக்கு முன்னால் துப்பியதை நாம் இப்போது பொறுக்கிக்கொண்டு வந்து பண்பாடு என்கிறோம்.

மந்திரம்தான் பயம் என்றால் பயப்பட வேண்டிய இடம் வேறு. புதுக் கார் டயருக்குக் கீழே எலுமிச்சை வைக்கிறோம். ஊரில் நிலத் தகராறு வந்தால் யாரோ செய்வினை வைத்துவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் பரிகாரத்துக்குப் பணம் அனுப்புகிறோம். 2024 ஜூலையில் கேரளாவில் ஒரு பெரிய கட்சித் தலைவர் வீட்டில் கூடோத்திரம் தோண்டி எடுத்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. 2022 அக்டோபரில் இலந்தூரில் இரண்டு பெண்களை நரபலி கொடுத்தது தெரியவந்தது. மகாராஷ்டிரம் 2013-லும் கர்நாடகம் 2017-லும் இதற்கெல்லாம் சட்டம் போட்டுவிட்டன. கேரள அரசோ வரைவை வைத்துக்கொண்டு, மேலே போகப்போவதில்லை என்று 2025-ல் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. அங்கே மந்திரம் கேள்வி கேட்கக் கூடாத விஷயம். என் மேஜையில் மந்திரத்துக்கு விலை உண்டு, அளவு உண்டு, தோற்கும் வாய்ப்பு உண்டு, புத்தகத்தைத் திறந்து "அங்கிள், விதியில அப்படி இல்லையே" என்று கேட்கலாம். ஏவல் எடுக்கிறவனிடம் அப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். சங்கம் இடம் தராவிட்டால் பரவாயில்லை, என் பேஸ்மெண்ட் இருக்கிறது. சனிக்கிழமை மூன்று மணிக்கு நீங்களும் வாருங்கள். உங்களுக்கு எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் வேஷம் வைத்திருக்கிறேன். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் பிள்ளைகளோடு வந்து கூடவே உட்காரட்டும். பகடை நான் தருகிறேன், முறுக்கு மட்டும் கொண்டு வாருங்கள். போன வாரம் இளவரசர் பொந்துக்குள் போனதோடு நிறுத்தியிருக்கிறோம். வெளியே ஏழு வாள், உள்ளே அவருக்குத் தும்மல் வருகிற மாதிரி இருக்கிறது.